விட்டதைப் பிடிக்கிறேன்: பந்தயம் ஏன் ஆளை விடுவதில்லை, நண்பன் என்ன செய்யலாம்

பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், என்னிடம் கணக்குப் படிக்கிற பையன் ஒருவன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். வீட்டில் கொடுத்த பணம் தொலைந்துவிட்டது என்றான். எங்கே தொலைந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் போனை எடுத்து நீட்டினான். கிரிக்கெட்டுக்குப் பெட் கட்டுகிற ஒரு ஆப்பின் ஹிஸ்டரி பக்கம். முந்தைய வாரத்தில் ஒரு ஐபிஎல் ராத்திரி. 100, 200, 400, 800, 1,600, 3,200. ஆறே வரி. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் 40 நிமிஷம்கூட இல்லை.

"கடைசி பெட்டுல ஜெயிச்சுட்டேன் சார்" என்றான், நான் திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல.

ஜெயித்தபோது அவனுக்கு வந்தது 6,080 ரூபாய். ஆறு பெட்டுக்கும் சேர்த்து அவன் போட்டது 6,300. அதாவது ஜெயித்த ராத்திரியிலும் 220 ரூபாய் நஷ்டம். கணக்குப் பாடத்தில் நன்றாகவே மார்க் வாங்குகிற பையன்தான். ஆனாலும் நான் கூட்டிக் காட்டும்வரை அவனுக்கு அது தெரியாது.

பந்தயத்தில் பணம் விட்டவர்களைப் பற்றி நம் ஊரில் பேச்சு வந்தால் முதலில் வருகிற வார்த்தை பேராசை. "உழைக்காம சம்பாதிக்க நினைச்சான், பட்டான்." எனக்கு அதில் உடன்பாடில்லை. மாட்டிக்கொண்ட பையன்கள் யாரும் கோடீஸ்வரன் ஆவதைப் பற்றிப் பேசுவதில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்: "விட்டதைப் பிடிச்சுட்டா நிறுத்திடுவேன்." அவன் கேட்பது லாபம் இல்லை. நேற்று இருந்த இடத்துக்குத் திரும்பினால் போதும் என்கிறான். அந்த வாக்கியத்துக்குள் இருக்கிற பொறி புரிந்தால்தான் அவனுக்கு உதவ முடியும்.

பொருட்காட்சிக் கடைக்காரர்

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியிலோ ஊர்த் திருவிழாவிலோ வளையம் எறிகிற கடை பார்த்திருப்பீர்கள். சோப்பு, பொம்மை, சுவர்க் கடிகாரம் எல்லாம் பரப்பி வைத்திருப்பார்கள். வளையம் எதன் மேல் சரியாக விழுகிறதோ அது உங்களுக்கு. கடைக்காரர் ஏமாற்றவே வேண்டாம். யார் ஜெயிக்கிறார்கள் என்ற கவலையும் அவருக்கு இல்லை. வளையத்தின் அகலத்தையும் எறிகிற தூரத்தையும் ஒரு முறை சரியாக வைத்துவிட்டால், கூட்டம் நிற்கிறவரை அவருக்கு லாபம்தான். யாராவது கடிகாரம் ஜெயித்தால் அவரே மைக்கில் சத்தம் போட்டுச் சொல்வார்.

பெட் ஆப்பும் அதே கடைதான். வளையத்தின் அகலம் அங்கே ஒரு எண்ணாக இருக்கும். ஜெயித்தால் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் திரும்ப வரும் என்று சொல்கிற அந்த எண்ணுக்கு ஆட்ஸ் என்று பெயர்.

டாஸை எடுத்துக்கொள்வோம். நீங்களும் நானும் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறோம். ஜெயித்தவருக்கு 200. இது நேரான பந்தயம். யாரும் நடுவில் எடுக்கவில்லை. இப்போது அதே டாஸுக்கு ஆப் இரண்டு பக்கமும் 1.90 என்று ஆட்ஸ் தருவதாக வைத்துக்கொள்வோம். நான் தலை, நீங்கள் பூ. ஆப்புக்கு நம் இருவரிடமிருந்தும் 200 ரூபாய் வருகிறது. ஜெயித்தவருக்குப் போவது 190. மீதி 10 ரூபாய் ஆப்பிடம் தங்குகிறது. இந்தப் பிடித்தத்துக்குப் பெயர் மார்ஜின்.

ஆளுக்கு 5 ரூபாய், 100-க்கு 5. ஓட்டல் பில்லில்கூட ஜிஎஸ்டி 5 சதவீதம் கட்டுகிறோமே என்று தோன்றும். ஆனால் ஒரு தோசைக்கு ஒரு தடவைதான் ஜிஎஸ்டி. பந்தயத்தில் அதே 100 ரூபாய் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் 5 ரூபாய் உரிந்துகொண்டே போகும். கையில் 1,000 ரூபாய் வைத்துக்கொண்டு 100 ரூபாயாக 200 பெட் கட்டினால் மொத்தம் சுழன்ற பணம் 20,000. அதில் 5 சதவீதம் 1,000. சராசரிக் கணக்கில் கைமுதல் முழுவதும் போய்விடும். நடுநடுவே நிறைய ஜெயித்திருப்பான், அதுதான் வேடிக்கை.

ஒரு ஆளால் 200 பெட் கட்ட முடியுமா? ஒரு டி20 மேட்சில் வைடு, நோ பால் சேர்க்காமலே 240 பந்து. லைவ் பெட் என்றால் மேட்ச் நடக்கும்போதே ஓவருக்கு ஓவர், பந்துக்குப் பந்து கட்டுவது. 2003-ல் தமிழ்நாட்டில் தடை செய்யும்வரை லாட்டரிச் சீட்டு வாங்கிக் குலுக்கலுக்குக் காத்திருந்தவர்களுக்கு, தோற்றதற்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில் கொஞ்சமாவது நேரம் இருந்தது. அந்த இடைவெளியில் கோபம் ஆறும், சம்சாரம் திட்டும், புத்தி வரும். இப்போது அந்த இடைவெளி 40 விநாடி.

ரம்மி ஆடுகிறவர்கள் உடனே சொல்வார்கள்: "எங்களுடையது திறமை ஆட்டம்." ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லியிருக்கிறது, சரிதான். ஆனால் மேஜையில் உட்காரும் இருவரில் யார் தோற்பார்கள் என்பதைத்தான் திறமை முடிவு செய்கிறது. மேஜைக்காரரின் பிடித்தம் இருவருடைய பணத்திலிருந்தும் போகிறது. சுமாராக ஆடுகிறவனுக்கு எதிராளியும் மேஜையும் சேர்ந்து இரண்டு எதிரி.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு பெட்டிலும் ஒரு சின்னத் துண்டு வெட்டுப்படுகிறது. எத்தனை வேகமாக, எத்தனை தடவை கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் வளர்கிறது. எந்த மேட்ச், எந்த டீம் என்பது அதற்கு அப்புறம்தான்.

இரட்டிப்பு

சரி, அந்தப் பையனின் ஆறு வரிக்கு வருவோம். தோற்றால் அடுத்த தடவை இரண்டு மடங்கு கட்டு, என்றைக்காவது ஒரு பெட் ஜெயித்தே தீரும், அப்போது விட்டது எல்லாம் திரும்பிவிடும். டெலிகிராமில் 'டிப்ஸ்' தருகிறவர்கள் இதை ஏதோ ரகசிய சூத்திரம்போல விற்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதே 1.90 ஆட்ஸில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

100 தோற்று, 200 கட்டி ஜெயித்தால் திரும்ப வருவது 380. போட்டது 300. லாபம் 80. இரண்டு தோற்று மூன்றாவதில் ஜெயித்தால் லாபம் 60. மூன்று தோற்று நான்காவதில் ஜெயித்தால் 20. நான்கு தோற்று ஐந்தாவதில் 1,600 கட்டி ஜெயித்தால் வருவது 3,040, போட்டது 3,100. ஐந்தாவதிலிருந்து ஜெயித்தாலும் நஷ்டம்தான். மார்ஜின் பெட்டோடு சேர்ந்து தானும் இரட்டிப்பாகிக்கொண்டே வருவதுதான் காரணம். பையனின் 220 ரூபாய் போன இடம் அதுதான்.

இத்தனைக்கும் அவன் அதிர்ஷ்டக்காரன், ஆறில் ஜெயித்துவிட்டான். "தொடர்ந்து எத்தனை தடவைடா தோற்க முடியும்?" என்று கேட்பவர்களுக்கு நம் இந்திய அணியைக் காட்டுகிறேன். 2023 நவம்பரில் அகமதாபாத் உலகக் கோப்பை இறுதி தொடங்கி 2025 மார்ச்சில் துபாய் சாம்பியன்ஸ் டிராபி இறுதி வரை, ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து 15 டாஸ் தோற்றது. அந்த வரிசை அதோடும் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் "இந்தத் தடவை நமக்குத்தான்" என்று 100 ரூபாயில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போனவர், 15-வது டாஸ் முடிந்தபோது விட்டிருப்பது 32,76,700 ரூபாய். அத்தனை டாஸ் தோற்றும் இந்தியா சாம்பியன்ஸ் டிராபியை ஜெயித்தது. ஏனென்றால் அவர்கள் டாஸில் விட்டதைப் பிடிக்கப் போகவில்லை, கிரிக்கெட் ஆடினார்கள்.

பஸ் வரும், காசுக்கு ஞாபகம் இல்லை

கணக்கு தெரிந்தாலும் மனசு ஏன் கேட்பதில்லை? பஸ் ஸ்டாப்பில் 25 நிமிஷம் நின்றாயிற்று. ஷேர் ஆட்டோ வந்து நிற்கிறது. "இவ்வளவு நேரம் நின்னாச்சு, இனிமே பஸ் வந்துடும்" என்று ஆட்டோவை அனுப்பிவிடுகிறோம். பெரும்பாலும் பஸ் வந்தும் விடுகிறது. காத்திருக்கக் காத்திருக்க வர வேண்டியது நெருங்கும் என்று வாழ்க்கை நமக்குப் பழக்கி வைத்திருக்கிறது. பஸ், மழை, சம்பள நாள் எல்லாம் அப்படித்தான். டாஸ் போடுகிற காசு அப்படி இல்லை. நேற்று என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. பஸ்ஸுக்குப் பழகிய மனசைக் கொண்டுபோய்க் காசின் முன்னால் நிறுத்துகிறோம்.

இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு ரன்னில் தோற்பது, கடைசிப் பந்தில் கோட்டை விடுவது, ஸ்லாட் என்கிற சூதாட்ட இயந்திரத்தில் மூன்று படம் சேர வேண்டிய இடத்தில் இரண்டு சேர்ந்து மூன்றாவது தள்ளிப் போவது. இதை நூலிழைத் தோல்வி என்று சொல்லலாம். பணக் கணக்கில் இதுவும் முழுத் தோல்விதான், ஒரு பைசா வராது. ஆனால் 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, ஜெயிக்கும்போது தூண்டப்படுகிற பகுதிகளே நூலிழையில் தோற்கும்போதும் தூண்டப்பட்டன. ஆடுபவர்களுக்கு அது இனிமையாகவும் இல்லை, எரிச்சல்தான். ஆனால் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்ற ஆசை ஏறியது. தோல்வியே தூண்டில் ஆகிறது.

இதனால்தான் மருத்துவர்கள் இதைக் குணக்கேடு என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் வைத்தது. அதற்கான ஒன்பது அறிகுறிகளில் ஒன்று, பணம் விட்ட பிறகு இன்னொரு நாள் அதைப் பிடிக்கத் திரும்ப வருவது. நாம் சொல்கிற 'விட்டதைப் பிடிப்பது' அப்படியே மருத்துவப் பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு விட்டோம் என்று பொய் சொல்வது, விட முயன்று முடியாமல் போவது, படிப்பு வேலை கெடுவது, கடன் தீர்க்கப் பிறரை நம்பியிருப்பது ஆகியவையும் அந்த ஒன்பதில் வரும். ஒரு வருஷத்துக்குள் நான்கு தெரிந்தாலே கவலைப்பட வேண்டிய கட்டம்.

ஆக, அவன் முட்டாளும் இல்லை, பேராசைக்காரனும் இல்லை. ஒவ்வொரு தோல்வியும் அவனை அடுத்த பெட்டுக்குத் தள்ளுகிறது, ஒவ்வொரு பெட்டும் அவனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்குகிறது. இந்தச் சுற்றில் எங்கே கை வைக்கலாம் என்பதுதான் நண்பனின் வேலை.

நண்பன் கை வைக்கிற இடங்கள்

அப்பா அம்மாவுக்குத் தெரிவதற்கு ரொம்ப முன்னாலேயே ரூம்மேட்டுக்குத் தெரிந்துவிடும். ராத்திரி போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். மெஸ் பில் பாக்கி விழும். "ஒரு 500 அனுப்புடா, நாளைக்குத் தரேன்" என்பது வாரத்துக்கு மூன்று தடவை ஆகும். மேட்ச் பார்க்கும்போது அவன் கண் ஸ்கோரில் இருக்காது, போனில் இருக்கும்.

பேசுவதற்கு நேரம் முக்கியம். மேட்ச் நடக்கும்போதும் தோற்ற அன்று ராத்திரியும் பேசாதீர்கள், காதில் ஏறாது. மறுநாள் டீக்கடை சரியான இடம். "எவ்வளவுடா விட்ட?" என்று ஆரம்பித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் சொல்வான். அப்புறம் அந்தப் பொய்யைக் காப்பாற்ற உங்களைத் தவிர்ப்பான். "ராத்திரி தூங்கறியாடா?" என்று கேட்டுப் பாருங்கள். என் மாணவன் அதற்குத்தான் வாய் திறந்தான். கடைசிப் பந்து வீசி முடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடி ஆறு வாரம் ஆகிறது என்றான்.

அடுத்து, ஒரு தாளில் எழுத வையுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து ஆப்புக்குப் போன டெபாசிட், அங்கிருந்து திரும்பி வந்தது, யார் யாரிடம் கைமாற்று, லோன் ஆப் எத்தனை என்று வரிசையாக. பையன் என்னிடம் மொத்தம் 20,000 இருக்கும் என்றான். எழுதி முடித்தபோது 47,500. அவன் பொய் சொல்லவில்லை. ஜெயித்த தொகை ஞாபகத்தில் நிற்கும், சின்னச் சின்ன டெபாசிட் நிற்காது, அவ்வளவுதான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

பண விஷயத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: கையில் தராதீர்கள், செலவைக் கட்டுங்கள். மெஸ் பில் என்றால் மெஸ்ஸில், ஃபீஸ் என்றால் கவுன்ட்டரில். விட்டதைப் பிடிக்கும் மனநிலையில் இருப்பவன் கையில் 2,000 ரூபாய் கிடைத்தால் அது சாப்பாட்டுப் பணமாகத் தெரியாது, 4,000-க்கான முதலாகத்தான் தெரியும். கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் திருந்திவிடுவான் என்று நகையை அடகு வைக்கிற பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடன் மட்டும் தீர்ந்து, ஆப் போனில் அப்படியே இருந்தால், அது புதுக் கைமுதல்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு பேச்சு இருக்கிறது. 'விட்ட பணம்' என்று அவன் சொல்வதை 'கடன்' என்று மாற்றிச் சொல்லப் பழக்குங்கள். வார்த்தை விளையாட்டு மாதிரி தெரியும், ஆனால் விட்ட பணத்துக்கு ஒரே வழிதான் தெரியும், பிடிப்பது. கடனுக்குத் தவணை உண்டு, பார்ட் டைம் வேலை உண்டு, அவகாசம் கேட்க ஆள் உண்டு. போனது போனதுதான், இனி இது கடன், மாதம் இவ்வளவு என்று ஒத்துக்கொள்கிற அன்று சுற்று அறுகிறது. ஒரு நாளில் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆசை எழும்பும்போது நடுவில் தடை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆப்பையும் டிப்ஸ் குரூப்பையும் அவன் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். யுபிஐ தினசரி வரம்பைக் குறைக்கலாம். சம்பளம் வாங்குபவன் என்றால் கொஞ்ச காலம் அம்மா அல்லது அக்கா கணக்கில் பணம் இருக்கட்டும். அந்த உந்துதல் வந்த கொஞ்ச நேரத்தில் தானாகத் தணியும். அதுவரை ஒரு டீ, ஒரு நடை, உங்களுக்கு ஒரு போன். நாம் இழந்த அந்த 'இடைவெளி'யைத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

விட மாட்டேன் என்கிறவனை என்ன செய்வது? திட்டி விலகினால் அவனுக்கு ஆப் மட்டும்தான் துணை. சேதத்தைக் குறைக்கலாம்: தொகையை மேட்சுக்கு முன்னாலேயே முடிவு செய்வது, மேட்ச் ஆரம்பித்த பிறகு டெபாசிட் போடாதது, குடித்திருக்கும்போது கட்டாதது, கடன் வாங்கிக் கட்டவே கட்டாதது. இந்த நான்கையும் அவனால் கடைப்பிடிக்க முடியவில்லை என்றால், நிலைமை எங்கே இருக்கிறது என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

நண்பர்கள் வட்டத்துக்கும் ஒன்று. வாட்ஸாப் குரூப்பில் ஜெயித்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் வரும். தோற்றவன் அன்றைக்கு ஆன்லைனில் இருக்க மாட்டான். பொருட்காட்சிக் கடைக்காரரின் மைக் வேலையைச் சம்பளமில்லாமல் நீங்கள் பார்க்க வேண்டாம்.

சட்டமும் கடனும்

2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்தது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கும் தண்டனை உண்டு. தடைக்குப் பிறகு பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. மிச்சமிருப்பது வெளிநாட்டிலிருந்து ஓடுகிறவையும் வாட்ஸாப்பில் பெட் கட்டுவதற்கான 'ஐடி' விற்கிறவர்களும். ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் இன்னும் 2,000 டெபாசிட் போடு என்பார்கள். புகார் சொல்ல அங்கே கவுன்ட்டரே கிடையாது.

அவசரத்துக்கு உங்கள் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏடிஎம் கார்டையும் பேங்க் கணக்கையும் யாருக்கும் 'கொஞ்ச நாளைக்கு' கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கு வழியாக யார் பணம் போனாலும் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான். லோன் ஆப் போனிலுள்ள நம்பர்களை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்கு மெசேஜ் போட்டால், அது ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு விரோதம். மிரட்டலுக்கும் பண மோசடிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930.

இதைத் தயங்காமல் கேளுங்கள்

கடன் தொகை தெரியவந்த நாளும், வீட்டுக்குத் தெரியப்போகிற நாளும் ஆபத்தானவை. "நான் இல்லைன்னா எல்லாம் சரியாயிடும்" என்ற தொனியில் பேசினாலோ, திடீரென்று அமைதியாகிவிட்டாலோ நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவன் இருக்கிறான் என்பது பெரிய ஆறுதல். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ரகசியம் காக்கிறேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அது மருத்துவ உதவி எண், போலீஸ் இல்லை. தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை கிடைக்கும்.

அந்தப் பையனின் ஃபீஸை நான் கவுன்ட்டரில் கட்டினேன். ரசீதை மட்டும் அவனிடம் கொடுத்தேன். தாள் அவன் நோட்டுக்குள் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் ஒரு கேட்டரிங்காரரிடம் பரிமாறப் போகிறான், மாதம் ஒரு வரி அடிபடுகிறது. நடுவில் ஒரு தடவை வழுக்கியும் விட்டான், அவனே வந்து சொன்னான், தாளில் 600 ரூபாய் கூடியது.

போன வாரம் காரிடாரில் பார்த்தேன். "நேத்து மேட்ச் பார்த்தேன் சார், சும்மாதான்" என்றான்.

"யாருடா ஜெயிச்சது?"

"தெரியல சார். 16-வது ஓவர்லயே தூங்கிட்டேன்."